அபூர்வச் செடி வாங்கிய அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

வெட்சி

யார் வீட்டிலும் பார்க்காத செடியாகத் தேடி வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஏழு ஆண்டுகளாக இருக்கிறது. அந்த ஆசையில் எத்தனையோ செடிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். போனவற்றை இப்போது எண்ணிப் பார்த்தால், பூச்சி விழுந்து போனவை குறைவு. வெயில் தாங்காமல் போனவை அதைவிடக் குறைவு. செடி ஓய்வெடுக்கும் காலத்தில் நான் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தவைதான் அதிகம். அதனால் இப்போதெல்லாம் ஒரு புதுச் செடியைப் பார்த்தால், என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எப்போது தூங்கும் என்று கேட்கிறேன். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறேன். படித்துப் பார்த்த பிறகுதான் வாங்குகிறேன்.

இந்தப் பழக்கம் லித்தாப்ஸ் செடியால் வந்தது. உயிருள்ள கல் என்று அதைச் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் மழை அரிதாகப் பெய்யும் கூழாங்கல் தரைதான் அதன் பிறந்த இடம். 1811-ல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆய்வாளர் அங்கே கீழே கிடந்த விநோதமான ஒரு கல்லைக் கையில் எடுத்தார். எடுத்த பிறகுதான் அது செடி என்று தெரிந்தது. நானும் முதன்முதலாகப் பார்த்தபோது தொட்டுத்தான் நம்பினேன். கட்டைவிரல் நகத்தளவு முகம், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், அதன்மேல் செந்நிறக் கோடுகள். தடித்த ஒரு ஜோடி இலைதான் அதன் உடம்பு, நடுவில் ஒரு பிளவு. அந்த உடம்பின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் இருக்கும். மேலே தெரியும் தட்டையான முகத்தில் ஒளி ஊடுருவும் இடங்கள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. வெயிலுக்கு அஞ்சி மண்ணுக்குள் ஒடுங்கிய செடி, கூரையில் ஒரு சாளரம் வைத்துக்கொண்டதுபோல.

மூன்று செடிகள் வாங்கினேன். சில மாதங்களில் ஒவ்வொன்றின் நடுப்பிளவும் லேசாக வாய் திறந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இன்னொரு ஜோடி இலை, பழைய ஜோடிக்குக் குறுக்காக, ஈரமாக மினுமினுத்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. அதே வாரம் வெளி இலைகள் சுருங்கத் தொடங்கின. தாகம் என்று நினைத்துத் தொட்டி நனைய நனைய ஊற்றினேன். அதுதான் செய்யக்கூடாதது. பழைய இலையில் சேர்த்து வைத்திருக்கும் நீரைக் குடித்துத்தான் புது இலை வளர வேண்டும். பழையது வற்றி, கடைசியில் காகிதம்போல ஒரு தோலாக மிஞ்ச வேண்டும். நான் ஊற்றிய தண்ணீரால் பழைய இலை வற்றவே இல்லை. புது இலை அளவுக்கு மீறி ஊதி, பக்கவாட்டில் கிழிந்தது. பத்தே நாளில் இரண்டு செடிகள் கூழாகிவிட்டன.

மூன்றாவது, தொட்டியின் ஓரத்தில் மணல் அதிகமாக இருந்த பகுதியில் நின்றதால் பிழைத்தது. அந்த இலைமாற்றம் முடியும்வரை அதற்கு ஒரு சொட்டு நீர் ஊற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பிற்பகலில், அந்தப் பிளவிலிருந்து மஞ்சள் பூ வந்தது. பூ விரிந்தபோது செடியே மறைந்துவிட்டது. மாலையில் மூடி மறுநாள் பிற்பகலில் மீண்டும் திறந்தது. மூன்று நாளும் நான் வேறு வேலை பார்க்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள்.

காட்டுவள்ளி

வெட்சி அம்மா எழுதியதைப் படித்ததும் என் செங்காந்தள் நினைவுக்கு வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தோட்டத்தில் இறங்கினேன். கிழங்கு வகைகள்மேல்தான் எனக்கு நாட்டம், ஏனென்றால் ஒரு முறை வைத்தால் ஆண்டுதோறும் தானாக வரும்.

காந்தள் விரல் என்று பழம்பாடல்களில் படித்திருப்போம். பூவைக் கையில் ஏந்திப் பார்த்தால்தான் அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். இதழ்கள் ஆறும் பின்னோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, முதல் நாள் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி வந்து, முடிவில் முழுப் பூவும் தீக்கொழுந்துபோல ஆகிவிடும். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, பூவை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டு நிற்கும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அக்கம்பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

பூவும் காயும் முடிந்ததும் கொடி காய்ந்துபோகும். மண்ணுக்கு மேலே ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு காலத்தில் நான் சில வாரங்கள் வெளியூர் போயிருந்தேன். வெறும் தொட்டிதானே சும்மா கிடக்கிறது என்று மருமகள் அதைக் கொத்தி ஒரு ரோஜாப் பதியனை வைத்துவிட்டாள். நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் செங்காந்தள் கிழங்கு கலப்பை வடிவத்தில் இரண்டு கைகளாக இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளை. அந்த நுனி ஒடிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. கொத்தியதில் இரண்டு நுனிகளும் போய்விட்டன. ஆறு ஆண்டாக வளர்த்த செடி அது. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து ஓய்வில் இருக்கும் ஒவ்வொரு தொட்டியிலும் 'தூங்குகிறது' என்று எழுதிய பட்டையைச் செருகி வைக்கிறேன். இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். செங்காந்தளின் எல்லாப் பாகங்களிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கில் மிக அதிகம், உயிரைப் பறிக்கும். குழந்தைகளோ, நாய் பூனையோ இருக்கும் வீட்டில் இதை வைப்பதா என்று நன்றாக யோசியுங்கள். நான் வேலி போட்ட மூலையில் வைத்திருக்கிறேன், கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடுத்ததாக ஆமையோட்டுச் செடி ஒன்று வளர்க்கிறேன். டயஸ்கோரியா எலிஃபன்டிபெஸ் என்பது தாவரவியல் பெயர். வள்ளிக்கிழங்கின் உறவுதான், ஆனால் கிழங்கு மண்ணுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதன் பட்டை வெடித்து வெடித்து, பலகோணத் தகடுகளாகப் பிரிந்து, அசல் ஆமை முதுகு. விதையிலிருந்து வளர்த்தேன், எட்டு ஆண்டில் ஓர் எலுமிச்சை அளவுதான் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் கோடையில் கொடி முழுவதும் காய்ந்து, குளிர் தொடங்கும்போது தளிர்க்கும். ஆனால் என்னுடையது காலண்டர் பார்ப்பதில்லை. அது தளிர் விடும்வரை நான் நீர்க்குவளையைத் தொடுவதில்லை. இப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறது. நாளும் காலையில் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன்.

முல்லை

என் அனுபவம் சிறியது, ஆனால் புதிதாக வாங்குபவர்களுக்கு உதவும். ஒரு கண்காட்சியில் உருண்டைக் கள்ளி ஒன்று வாங்கினேன். தலையில் இளஞ்சிவப்புப் பூ. ஈரமான நாளில் மூடிக்கொள்ளும், வெயில் அடித்தால் விரியும். மூன்று மாதம் அதே பூ! இப்படி ஒரு கள்ளியா என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் காட்டினேன். ஒரு நாள் உற்றுப் பார்த்தால் பூவின் அடியில் கண்ணாடிபோலப் பசை. ஸ்ட்ரா ஃப்ளவர் என்ற காய்ந்த பூ ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பூவின் இதழ்கள் உயிர் போன பிறகும் காற்றின் ஈரத்துக்கு மூடும், உலர்ந்தால் விரியும். அதனால்தான் நான் ஏமாந்தேன். பிய்த்து எடுத்தபோது முட்களும் கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தன. அந்த வளர்நுனி இன்னும் சரியாகவில்லை. பூவோடு கள்ளி வாங்கினால், பூ எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். உண்மையான பூ கள்ளியின் முள் புறப்படும் மெத்தைபோன்ற புள்ளியிலிருந்தோ, இரண்டு முகடுகளுக்கு இடையிலிருந்தோதான் வரும். பல முட்களைத் துளைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்காது.

ஆவாரை

முல்லை, உங்கள் கள்ளி பக்கக்கன்று விடும், கவலைப்படாதீர்கள். வளர்நுனி காயப்பட்ட கள்ளிகள் பல அப்படிச் செய்யும்.

நான் சொல்ல வந்தது ஸ்டபேலியா ஜைகான்டியா என்ற செடியைப் பற்றி. முள்ளில்லாத நாற்கோணத் தண்டுகள், தொட்டால் வெல்வெட். கள்ளிக்கு உறவில்லை, எருக்கின் குடும்பம். நம் கள்ளிமுளையானும் அதே கூட்டம்தான். பூவின் படத்தைப் பார்த்து மயங்கித் தண்டு ஒன்று வாங்கி நட்டேன். மறு ஆண்டு ஒரு மொட்டு வந்தது. நாளுக்கு நாள் ஊதி, காற்றடைத்த பைபோல ஆனது. ஒரு காலையில் அதன் ஐந்து தையல்களும் பிரிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு பெரிய நட்சத்திரம். வெளிர்மஞ்சளில் அரக்குநிறக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக, உள்ளங்கை ரேகைபோல. ஓரம் முழுக்க மெல்லிய மயிர், காற்றில் அசைந்தது.

தொட்டி படுக்கையறை ஜன்னலில் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் எலி செத்துக் கிடக்கிறது என்று வீட்டில் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரிந்தது. ஈக்களை அழைப்பதற்காக அந்தப் பூ அழுகிய இறைச்சியின் வாசனையைப் பரப்புகிறது. மதியத்துக்குள் ஈக்கள் பூவின் நடுக்குழியில் வெள்ளை வெள்ளையாக முட்டையிட்டுவிட்டன. புழுவுக்கு அங்கே உணவு ஒன்றும் இல்லை, பொரித்தாலும் பிழைக்காது. அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஈ வந்து போனதால்தான் எனக்குக் காய் கிடைத்தது. கொம்புபோல இரட்டைக் காய், எருக்கங்காய் வெடிப்பதுபோல வெடித்து, பட்டுப் பஞ்சு கட்டிய விதைகள் பறந்தன.

செடியைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். தோட்டத்தின் கோடி மூலைக்கு மாற்றினேன், பூக்கும் நாளில் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பூவின் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் வாசனையையும் விசாரித்துவிட வேண்டும். வைக்கும் இடம் அதைப் பொறுத்தது.

மருதாணி

எனக்கு ஒரு சந்தேகம். மஞ்சள் ஓரம் வைத்த மருள் செடியின் இலையை மூன்றாக வெட்டி நட்டேன். மூன்றும் வேர் விட்டு, கன்றும் வந்துவிட்டது. ஆனால் கன்றுகளில் மஞ்சளே இல்லை, எல்லாம் வெறும் பச்சை. வெயில் போதவில்லையா, உரம் போதவில்லையா? வெட்சி அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

வெட்சி

மருதாணி, உங்கள்மேல் தவறு இல்லை, வெயிலும் உரமும் காரணமில்லை. அந்த இலையில் இரண்டு வகைத் திசுக்கள் சேர்ந்து இருக்கின்றன: ஒன்றில் பச்சையம் உண்டு, ஒன்றில் இல்லை. வெட்டிய இலைத்துண்டு புதுக்கன்று விடும்போது அந்த இரட்டை அமைப்பு கூடவே வருவதில்லை, பச்சைத் திசுவிலிருந்துதான் கன்று எழுகிறது. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத்தண்டோடு பக்கக்கன்றைப் பிரித்து நட வேண்டும். வெறும் பச்சையும் அழகுதான், வேகமாகவும் வளரும்.

இதே காரணத்தால்தான் தலையில் சிவப்பு உருண்டை வைத்த ஒட்டுக்கள்ளியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையம் போதாது, தனியாக நட்டால் பட்டினி கிடந்து செத்துவிடும். கீழே இருக்கும் பச்சைத்தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. பெரும்பாலும் அது டிராகன் பழக் கள்ளி. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, சில ஆண்டுகளில் ஒட்டு விட்டுப்போகும். அழகுக்காக வாங்கலாம். ஆனால் பத்து ஆண்டு உங்களோடு இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இன்னொன்று மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். லித்தாப்ஸின் உறவான கோனோஃபைட்டம் செடிகளைத் தென்னாப்பிரிக்கக் காட்டிலிருந்து தோண்டிக் கடத்துவது 2019-லிருந்து பெருமளவில் நடக்கிறது. பிடிபட்டவை மட்டுமே லட்சக்கணக்கில். சில மலைச்சரிவுகளில் மட்டுமே இருக்கும் இனங்கள் ஒரே இரவில் காலியாகிவிடுகின்றன. அதனால் விதையிலிருந்து வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். விதைநாற்றுகள் ஒரே அளவாக, தழும்பில்லாமல், முழு வேரோடு இருக்கும். காட்டிலிருந்து பிடுங்கியது வயதான தோலும், காய்ந்த காயங்களும், அறுந்த வேருமாக இருக்கும். அப்படிப்பட்டதை மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

அடுத்த வாரம் லித்தாப்ஸ் விதைகளை விதைக்கப் போகிறேன். தூசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

காட்டுவள்ளி

அம்மா, எனக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். இன்று காலை ஆமையோட்டின் நடு உச்சியில், இரண்டு தகடுகளுக்கு இடையில், ஊதா கலந்த ஒரு முளை. அரிசிமணி அளவுதான் இருக்கும். பேரன் பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்துவிட்டு, 'தூங்குகிறது' பட்டையைத் தானே பிடுங்கிவிட்டான். நான் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. முதல் இலை விரியட்டும்.