463 பேர் இருக்கிற ஊருக்குச் சாலை எதற்கு என்று கேட்டவருக்கு

மேட்டுக்காடு:
நேற்று இங்கே ஒருவர், "ஐநூறு பேர்கூட இல்லாத ஊருக்குத் தார்ச்சாலை போடுவது தண்டச் செலவு" என்று எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. 2011 கணக்கெடுப்பில் எங்கள் ஊர் 463 பேர். அந்த எண்ணைக் காட்டித்தான் எங்களைத் தள்ளிவிட்டார்கள். அது பிப்ரவரி மாதக் கணக்கு. அப்போது ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும்.

நேர்கோடு:
எழுதியது நான்தான். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் தொடங்கியதிலிருந்து சமவெளிக்கு 500 பேர், மலை மாநிலங்களுக்கு 250 பேர் என்பதே அளவு. 463 எப்படி 500 ஆகும், தம்பி?

மேட்டுக்காடு:
முதலில், நான் உங்களுக்குத் தம்பி இல்லை. இரண்டாவது, கணக்கெடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவர்களை, இருந்த இடத்தில்தான் எண்ணினார்கள். எங்கள் ஆட்கள் பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போவார்கள். மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். பிப்ரவரியில் எண்ணினால் 463தான் வரும்.

கடைசிசீட்:
500 என்பது ஆள் கணக்கே இல்லை சார். சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான்.

நேர்கோடு:
அது வேறு 500, இது வேறு 500. ஏரி பற்றிய பழைய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஏக்கரையும் ஹெக்டேரையும் குழப்பினீர்கள்.

கடைசிசீட்:
ஏரியை எதற்கு இழுக்கிறீர்கள்? அங்கே நான் சொன்னதுதான் சரி. மீட்டர் என்று நானே படித்தேன்.

மேட்டுக்காடு:
மீட்டரையும் பார்ப்போம். பஸ் நிற்கிற இடம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மழை பெய்தால் களிமண் கணுக்கால் வரை ஏறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, முக்கிலுள்ள அடிபம்பில் கால் கழுவி, பாவாடை ஓரத்தைப் பிழிந்துவிட்டு பஸ் ஏறுகிறார்கள். 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அந்த பஸ் வரைக்கும் போய்ச் சேர வேண்டாமா?

வாய்க்கால்வரப்பு:
500 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கிற குடியிருப்புகளின் ஆள் தொகையைச் சேர்த்துக் காட்டலாம் என்று அதே திட்டத்தில் விதி இருக்கிறது. உங்கள் ஊரை ஒட்டித்தான் எங்கள் காலனி. சேர்த்திருந்தால் அறுநூறு தாண்டியிருக்கும். ஒரே கணக்கில் வர மாட்டோம் என்றது யார்?

மேட்டுக்காடு:
அது பெரியவர்கள் பேசிய பழைய பேச்சு. நான் கேட்பது பிப்ரவரியைப் பற்றி.

வாய்க்கால்வரப்பு:
பழைய பேச்சா? போன வருடம் மனு எழுதியபோதும் எங்களிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. அதே சேற்றில்தான் எங்கள் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

மேட்டுக்காடு:
மனுவை எழுதியது நான் இல்லை. சூளைக்கு உங்கள் ஆட்களும்தானே போகிறார்கள்? உங்கள் கணக்கும் பிப்ரவரியில் குறைந்துதான் இருக்கும்.

கடைசிசீட்:
சாலை போட்டாலும் பஸ் வராது. 1997-ல் மினி பஸ் வந்தபோதும் ஆள் ஏறுகிற வழியாகப் பார்த்துத்தான் ஓட்டினார்கள்.

நேர்கோடு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆள் இல்லை.

மேட்டுக்காடு:
ஆள் இல்லாததால் சாலை இல்லையா, சாலை இல்லாததால் ஆள் இல்லையா? என் அண்ணன், பிள்ளைகளின் படிப்புக்காகவே வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார். அவர் வீட்டு ஐந்து பேரையும் சேர்த்தால் 468.

நேர்கோடு:
468-உம் 500 இல்லை. 2024-ல் ஒப்புதல் வாங்கிய, இதே சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டமும் 2011 எண்ணிக்கையைத்தான் எடுக்கிறது.

மேட்டுக்காடு:
அதனால்தான் கத்துகிறேன். அடுத்த கணக்கெடுப்பும் 2027 பிப்ரவரியில்தான். மறுபடி சூளைக்காலம், மறுபடி பூட்டிய வீடு.

நேர்கோடு:
அப்போதைக்கு அப்போது பார்க்கலாம். இன்றைக்கு 463.

மேட்டுக்காடு:
பிப்ரவரி என்று இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்?

வாய்க்கால்வரப்பு:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.