வெளிநாட்டு ஃபிளாட்டில் வற்றல், ஊறுகாய் போடப் போகிறவர்களுக்கு

இங்கே வெயிலே இல்லையே, வற்றல் எப்படிப் போடுவது என்று புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். வற்றல் காய்வதற்குச் சூட்டைவிட முக்கியமாக வேண்டியது ஈரமில்லாத, ஓடுகிற காற்று. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் உதடு வெடிக்கிறதே, அந்தக் காற்றே போதும். கம்பி வலைத்தட்டில் மெல்லிய பருத்தித் துணி விரித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி, பக்கத்தில் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். ஹீட்டர் மேலேயே துணியைப் போடாதீர்கள், தீப்பிடிக்கும். வருஷம் முழுக்கப் புழுக்கமாக இருக்கும் நாட்டில் இது நடக்காது. அங்கே டீஹைட்ரேட்டரில், அதாவது உணவைக் காயவைக்கும் மின்கருவியில், 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் காயவைப்பதுதான் வழி, இல்லையென்றால் ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் காயவையுங்கள்.

முதலில் மோர்மிளகாய் போட்டுப் பாருங்கள். காம்பு இருக்கட்டும். மிளகாயை லேசாகக் கீறி, உப்பு தூக்கலாகப் போட்ட புளித்த கெட்டி மோரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். அப்புறம் பகலில் காயவைத்து, ராத்திரி திரும்ப அதே மோரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், மோர் முழுக்க உள்ளே இறங்கும்வரை. ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்தால், வீட்டுக்குள் மெதுவாகக் காய்வதில் பூஞ்சை முந்திக்கொள்ளும். மெல்லிய தோல் மிளகாயாக எடுங்கள், தடித்த சதை உள்ளது உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். கடைசியில் மிளகாய் வெளுத்து, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், காம்பை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் போடாதீர்கள். பொரிக்கும்போது ஸ்மோக் அலாரம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்டைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஊறுகாய்க்கு வருகிறேன். உடம்புக்கு ஆகாது என்று உப்பைக் குறைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் ஜாடியை வெளியே வைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எலுமிச்சையும் மாங்காயும் வெளியே கெடாமல் நிற்பது அதன் புளிப்பாலும் அந்த உப்பாலும்தான். குறைக்க வேண்டுமா, சரி, குறையுங்கள். ஆனால் அதைக் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பூண்டு. பூண்டை எண்ணெயில் வதக்கி, மேலே எண்ணெய் மிதக்க பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள். எண்ணெய் மிதந்தால் கெடாது என்பது பூஞ்சைக்குத்தான் பொருந்தும், ஏனென்றால் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். பாட்டுலிசம் நோயைத் தரும் கிருமிக்கு நேர்மாறாகக் காற்றில்லாத, புளிப்பில்லாத இடம்தான் பிடிக்கும், அது விடும் விஷத்துக்கு நாற்றமும் இருக்காது, ருசியிலும் தெரியாது, ஆளையே கொன்றுவிடும். புளிப்பை அளக்கும் எண்தான் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. அதனால் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ நிறையவே சேருங்கள். வீட்டில் பிஎச் அளந்து பார்க்க வசதி இல்லாதவரை அதன் இடம் ஃபிரிட்ஜ்தான், அதுவும் சில நாளைக்கு மட்டும். வெங்காயத் தொக்குக்கும் இதே கவனம் வேண்டும்.

ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் வாங்கும்போது பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கரும்பழுப்பாக இருந்தால் அது எள்ளை வறுத்து ஆட்டியது, சீன, கொரியச் சமையலில் கடைசியில் சில சொட்டு விடுவதற்கானது. ஊறுகாயில் ஊற்றினால் அந்த வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நமக்கு வேண்டிய நல்லெண்ணெய் பொன் மஞ்சளாக இருக்கும். எலுமிச்சையில் பல இடங்களில் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவி ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்தபிறகு நறுக்குங்கள். மாங்காய் கிடைக்காத இடத்தில் புளிப்பான பச்சை ஆப்பிளில் திடீர் ஊறுகாய் நன்றாகவே வரும், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இட்லி மாவு பொங்கவில்லை என்றால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். அதற்கு 25 முதல் 30 டிகிரி வேண்டும். ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தைப் பாதி மட்டும் நிரப்பி உள்ளே வையுங்கள். கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், கூட இருப்பவர் தெரியாமல் ஓவனைப் போட்டுவிடுவார்.

பால்கனியில் காயவைப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், சில கட்டடங்களில் துணிகூட வெளியே தெரியக்கூடாது என்று இருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுத்த வற்றல், கருவாடு எதுவானாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதினால் அபராதம் கிடையாது, எடுத்துப் பார்த்து அனுமதிப்பார்கள் அல்லது வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.