தோட்டப் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்டா, ஒன்பது குழுவுக்குப் பற்றரியும் மின்குமிழுமா?

கொட்டகலை விஞ்ஞானம்:
பழைய மாணவர்கள் 75 அங்குல ஸ்மார்ட் போர்ட் (கணினியோடு இயங்கும் தொடுதிரைப் பலகை) ஒன்றை வாங்கித் தர முன்வந்தால் மலையகப் பாடசாலை ஒன்று வாங்கிக்கொள்ளலாமா? வாங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் கனிஷ்ட இடைநிலை விஞ்ஞானத்தைக் கரும்பலகைப் படத்தோடு முடித்துவிடுகிறோம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' (PhET) உருவகப்படுத்தல்களை, அதாவது கணினித் திரையில் செய்து பார்க்கும் பரிசோதனைகளை, ஒருதரம் தரவிறக்கி வைத்தால் போதும், பிறகு இணையம் தேவையில்லை. கம்பிக்குள் இலத்திரன் ஓடுவதைப் பிள்ளை பார்க்கிறது, தானே எழுந்து வந்து சுற்றை இணைக்கிறது. மாணவர் மையம் என்று நாம் சொல்வது இதைத்தானே?

வெண்கட்டி:
இல்லை சேர். ஒரு பிள்ளை முன்னால் வந்து இணைக்கும்போது மற்ற 34 பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கிறார்கள். பாடவேளை 40 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே நேரம் முடிந்துவிடும். யார் பலகையைத் தொட்டார் என்பதை விட்டுவிட்டு, யாருடைய மூளை வேலை செய்தது என்று பாருங்கள்.

அதே காசில் மிகச் சிறு பகுதியை எடுத்து நால்வர் குழுவுக்கு ஒரு பெட்டி செய்யலாம்: 1.5 வோல்ற் பற்றரி மூன்று, 2.5 வோல்ற் டோர்ச் மின்குமிழ் இரண்டு, தாங்கி இரண்டு, ஓர் ஆளி, கம்பித் துண்டு ஆறு. ஒன்பது பெட்டிக்கு 27 பற்றரி. பற்றரியை முதலிலேயே கையில் கொடுத்துவிடக் கூடாது, அங்கேதான் பாடம் குழம்புகிறது. யாராவது கம்பியை இரு முனைக்கும் நேராக இணைப்பார்கள், பற்றரி சூடேறிச் செத்துவிடும். குழு சுற்றுப்படத்தை வரைந்து, எந்த மின்குமிழ் கூடுதலாக ஒளிரும் என்று ஒவ்வொருவரும் தன் கொப்பியில் எழுதிக் காட்டிய பிறகே பற்றரி. எரியாவிட்டால் பார்க்க வேண்டியவை இரண்டு: மின்குமிழ் தாங்கியில் இறுக்கமாக இருக்கிறதா, செப்புக் கம்பி முனையின் எனாமல் பூச்சைச் சுரண்டியிருக்கிறார்களா.

கருவி மட்டும் போதாது என்பதற்குப் பெரு நாடு சாட்சி. அங்கே கிராமத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை மதிப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை.

கொட்டகலை விஞ்ஞானம்:
பெட்டியில் உள்ள பெரிய கோளாறை நீங்கள் சொல்லவில்லை. டோர்ச் மின்குமிழ்கள் ஒரே பெட்டியில் வந்தாலும் இழைத் தடை ஒன்றுபோல் இருக்காது. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் தடை கூடியது பிரகாசமாக எரியும். 'முதல் மின்குமிழ் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், அடுத்ததற்குக் குறைவாகத்தான் போகும்' என்ற தப்பான எண்ணத்தோடுதான் பிள்ளை வந்திருக்கிறது. முதலாவது தற்செயலாகப் பளிச்சென்று எரிந்தால் அந்த எண்ணத்துக்கு நாமே முத்திரை குத்தியதாகிவிடும். திரையில் இரண்டும் சமமாக எரியும், மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானியை எங்கே வைத்தாலும் ஒரே வாசிப்பு.

வெண்கட்டி:
அங்கே பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மின்குமிழையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். பிரகாசம் மின்குமிழோடு போனால் காரணம் மின்குமிழ். பழைய இடத்திலேயே நின்றால் காரணம் இடம். பிள்ளை தன் கையால் ஒரு விளக்கத்தைத் தள்ளி இன்னொன்றை ஏற்கும் அந்த நான்கு நிமிடத்தை எந்தத் திரையும் தராது. எல்லாம் சமமாகவே எரியும் திரையில் விசாரிக்க என்ன இருக்கிறது?

ஊவா கணிதம்:
இருவரும் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று நம்பிப் பேசுகிறீர்கள். 2007இல் 'ஐந்து ஈ' (5E) முறை, அதாவது ஈடுபடுத்தல், தேடல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என்ற ஐந்து படிக் கற்பித்தல், புதிய கலைத்திட்டத்தோடு வந்ததிலிருந்து 'குழுவாகப் பிரியுங்கள், தேடட்டும்' என்பது வேதமாகிவிட்டது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர் மூவரும் 2006இல் எழுதியது நினைவிருக்க வேண்டும்: புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டல் குறைந்தால் செயல்நினைவு (ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளும் சிறு நினைவு) நிரம்பிவிடும், கற்றல் நடக்காது. உதாரணமாக, பின்னக் கழித்தலில் முதலில் முழுமையாகச் செய்த கணக்கு இரண்டு, பிறகு கடைசிப் படி விடுபட்ட கணக்கு, பிறகு இரண்டு படி விடுபட்டது, அப்புறம்தான் தனியாக. குழு வேலை அதற்குப் பிறகு வரட்டும்.

தொழில்நுட்பத்துக்கு உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. தரம் 8 வகுப்பில் வகுத்தலே வராத பிள்ளையும் சமன்பாடு தீர்க்கும் பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறார்கள். டெல்லியில் பாடசாலைக்குப் பிறகு நடந்த வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் மட்டத்துக்கேற்ற கணக்கைக் கணினி கொடுத்தது. நாலரை மாதத்தில் கணிதப் புள்ளி 0.37 நியம விலகல் (புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்ததாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கேயும் பாதி நேரம் சிறு குழுவோடு ஒரு ஆள் இருந்து சொல்லிக்கொடுத்தார். ஒற்றைப் பெருந்திரை இதைச் செய்யாது.

மஸ்கெலியா மிஸ்:
கட்டடத்தை யாரும் நினைக்கவில்லையே! தடுப்புச் சுவர் இல்லாத நீள மண்டபத்தில் மூன்று வகுப்பு. ஒரு வகுப்பில் ஒன்பது குழு பேசினால் அடுத்த வகுப்பில் தமிழ்ப்பாடம் கேட்காது. ஒரு வகுப்பில் திரை ஓடினால் மற்ற இரண்டும் அதையே பார்க்கும். இங்கே பொருந்துவது சத்தமில்லாத வாக்கெடுப்பு.

ஏ4 அளவு பிரிஸ்டல் போர்ட்டை நான்காக மடித்து மடிப்புக்கு ஒரு நிறம், அ ஆ இ ஈ. கேள்வியை எழுதி ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்க விடுங்கள். 'மூன்று' என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தம் விடைக்குரிய மடிப்பை நெஞ்சளவில் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் மாற்றுவார்கள். சரியான விடையைக் காட்டியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 30க்கும் 70க்கும் இடைப்பட்டால் பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் தாழ்ந்த குரலில் பேசி மீண்டும் பிடிக்கட்டும். ஹார்வர்ட்டில் எரிக் மசூர் பௌதிக வகுப்புக்கு வகுத்த முறை இது. 30க்குக் கீழே போனால் பேச விடுவதில் பயனில்லை, திரும்பக் கற்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோலம் அச்சிட்ட, போனில் ஸ்கேன் செய்யும் பிளிக்கர்ஸ் அட்டை பதிவு வைத்துக்கொள்ள நல்லது. பளபளப்பாக லெமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டு வாசிக்காது. விரல் கோலத்தை மறைத்தாலும் வாசிக்காது.

கொட்டகலை விஞ்ஞானம்:
மிஸ், அந்தக் கேள்வியையும் சுற்றுப்படத்தையும் போர்டிலேயே போடலாம். வாக்கெடுத்த பிறகு உருவகப்படுத்தலை ஓடவிட்டால் என்ன கெட்டுவிடும்? விடையை முன்னரே காட்டாதவரை திரை உங்கள் முறைக்கு உதவத்தான் செய்யும். ஸ்மார்ட் போர்ட் வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்கிறேன்.

மஸ்கெலியா மிஸ்:
அப்படியானால் பூட்டக்கூடிய, நான்கு சுவருள்ள ஓர் அறையை அதிபர் முதலில் ஒதுக்கட்டும். புவித்தொடுப்பு (எர்த் கம்பி) சரியா என்று மின்னியலாளர் பார்க்கட்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இருக்கிறதே, ஆளியை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு யாருக்கு என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று: கைவசமுள்ள வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத போர்டில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யுனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது தட்டச்சு செய்த கணினியிலேயே எழுத்துருவோடு பீடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள்.

வெண்கட்டி:
அறையும் புவித்தொடுப்பும் தயாராகும்வரை ஒன்பது பெட்டியை வாங்கிவிடலாம். பழைய மாணவர்களிடம் இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள், பெட்டியை முதலாவதாக எழுதுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் புதுப் பற்றரி 27 என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.