தாத்தா சதாபிஷேகம் (குடும்பம் மட்டும்)

ப்ரியா: வீடியோக்காரர் கேட்கிறார். கச்சேரியின்போது முன்வரிசையில் பத்துப் பேர் கண்ணை மூடித் தலையாட்டித் தாளம் போட வேண்டுமாம். சினிமா மாதிரி எடுப்பாராம். யார் யார் வருகிறீர்கள்?

லதா அத்தை: நான் உண்டு. அரக்குப் புடவை.

சுந்தர்: கண்ணை மூடப் பெரியப்பாவை விட்டால் ஆளேது

பெரியப்பா: 👍

ரகு சித்தப்பா: சினிமாக்காரர்களுக்கு மேடை தெரியும், சபை தெரியாது. தில்லானா மோகனாம்பாளில் (1968) நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கன்னம் உப்புவதையும் விரல் விழுவதையும் பார்த்தால் அவரே ஊதுகிறார் என்று சத்தியம் செய்வோம். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த உழைப்பை எந்தப் படம் கொடுத்தது? தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுவார்களே, அதை யாராவது எடுத்தார்களா? பக்கத்து மாமா தப்புத் தாளம் போட்டு நம்மையும் குழப்புவாரே, அது?

ராஜி (நியூ ஜெர்சி): கேன்டீன் உண்டா? அடை அவியல்?

லதா அத்தை: சமையல்காரருக்கு இன்னும் அட்வான்சே போகவில்லை.

சுந்தர்: போன தடவை நாங்கள் கொடுத்தோம்

ப்ரியா: சித்தப்பா, சிந்து பைரவியில் சுஹாசினி சபையில் எழுந்து சிவகுமாரையே கேள்வி கேட்பாரே. அது கேட்பவர் பக்கம்தானே?

ரகு சித்தப்பா: அது ஒன்றுதான் விதிவிலக்கு. 1985. பாடறியேன் என்று ஆரம்பித்துத் தியாகராஜரின் மரி மரி நின்னேயில் கொண்டுபோய் விடுவார் இளையராஜா, சாரமதி ராகத்தில். சித்ராவுக்குத் தேசிய விருது. ஆனால் அந்தத் தியாகராஜ கீர்த்தனை வழக்கமாகக் காம்போதி ராகம். அண்ணா கேசட் வாங்கி வந்தபோது அப்பா டேப்ரிக்கார்டரையே அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

லதா அத்தை: பூட்டியது அதற்கா? அண்ணா பரீட்சையில் போனதற்கு.

பெரியப்பா: லதா, அதெல்லாம் இப்போது எதற்கு

ராஜி: 😂😂

சுந்தர்: பாடகியிடம் பாடறியேன் கேட்டால்?

ரகு சித்தப்பா: அப்பா எழுந்து போய்விடுவார்.

சுந்தர்: போகட்டும். வீடியோக்காரருக்கு நல்ல சீன்

லதா அத்தை: தாத்தா ஃபங்ஷனில் தாத்தாவையே கிளப்புகிறாயா? காம்போதியிலேயே பாடச் சொல்லலாம்.

ரகு சித்தப்பா: பாடினால் நான் தனியின்போது எழுந்திருக்க மாட்டேன். மிருதங்கம் யார் என்று தெரிந்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.

ப்ரியா: சரி, தலையாட்ட இதுவரை மூன்று பேர். ராஜி அக்கா, நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

ராஜி: டிக்கெட் பார்க்கிறேன். முந்தின நாளா, அதற்கும் முன்னாலா?

லதா அத்தை: முதலில் அட்வான்ஸ் யார்?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லதா அத்தை: என்ன அண்ணா அழித்தீர்கள்?