செல்யபின்ஸ்க் வெடிப்பு: 440 கிலோடன்னா, 590 கிலோடன்னா?

வான்குறிப்பு:
2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகருக்கு மேலே வானில் ஒரு விண்கல் வெடித்ததே, அதன் ஆற்றலுக்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வெளியிடும் ஃபயர்பால் (தீப்பந்து) அட்டவணையில் 440 கிலோடன் (டிஎன்டி வெடிமருந்துக் கணக்கில்). குற்றொலியை (காதுக்குக் கேட்காத தாழ் அதிர்வெண் ஒலி) வைத்துக் கணக்கிட்டவர்கள் 460. ஆய்வாளர் பீட்டர் பிரவுன் குழு 500, கூட்டல் கழித்தல் 100. ஓல்கா போபோவா குழு 590, கூட்டல் கழித்தல் 50. உயரமும் ஒத்துவரவில்லை: அட்டவணையில் 23.3 கி.மீ., போபோவா குழுவின் ஆய்வுக் கட்டுரையில் 29.7 கி.மீ. எதை எடுத்துக்கொள்வது? அந்த 440-ஐ நாமே போட்டுப் பார்க்க முடியுமா? இயக்க ஆற்றலுக்கு அரை எம்வி ஸ்கொயர் (½mv²) தெரியும். ஆனால் அந்தக் கல்லை யாரும் முன்கூட்டி எடை போடவில்லையே.

தீக்கல்:
நிறையிலிருந்து ஆற்றலுக்குப் போவதில்லை. முதலில் ஆற்றல், அப்புறம் வேகம், அதிலிருந்துதான் நிறை.

440 வந்த வழி இது. அமெரிக்க அரசின் செயற்கைக்கோள் உணரிகள் பளிச்சிடலை அளக்கின்றன. அவற்றுக்குத் தெரிவது நிறமாலையில் ஒரு பகுதிதான். மீதியை நிரப்ப, வெளிச்சம் 6000 கெல்வினில் உள்ள கரும்பொருளிலிருந்து (வெப்பநிலையை மட்டும் பொறுத்து ஒளிரும் இலட்சியப் பொருள்) வருவதாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிடைத்த ஒளி ஆற்றல் 3.75×10¹⁴ ஜூல். ஒரு கிலோடன் என்பது 4.184×10¹² ஜூல், வகுத்தால் 89.6 கிலோடன்.

மொத்த ஆற்றலில் எவ்வளவு பங்கு ஒளியாக மாறுகிறது என்பதற்கு 2002-இல் பிரவுனும் கூட்டாளிகளும் ஒரு சமன்பாடு கொடுத்தார்கள்: பங்கு = 0.1212 × (ஒளி ஆற்றல், கிலோடன்னில்)^0.115. 89.6-ஐப் போட்டால் பங்கு 0.203. 89.6-ஐ 0.203-ஆல் வகுங்கள்: 441. அட்டவணை எண் இதுதான், அதில் வேறு ரகசியம் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தச் சமன்பாட்டை உருவாக்கப் பயன்பட்ட நிகழ்வுகள் எல்லாம் செல்யபின்ஸ்க்கைவிட மிகச் சிறியவை. கோட்டை நீட்டித்துத்தான் இந்த எண் வருகிறது. பங்கு 0.203-க்குப் பதில் 0.17 என்று இருந்தால் விடை 527 ஆகிவிடும். அட்டவணையில் பிழை வரம்பு போடாததால் 440 ஏதோ துல்லியமான எண் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று: அட்டவணையை நிரல் வழியாக இறக்கினால் ஒளி ஆற்றல் 10¹⁰ ஜூல் அலகில் வரும், செல்யபின்ஸ்க்குக்கு 37500 என்று. அதை ஜூல் என்று நினைத்துப் போட்டால் விடை அபத்தமாக இருக்கும்.

அலைமானி:
குற்றொலிப் பக்கத்தை நான் சொல்கிறேன். அணுச்சோதனைத் தடை ஒப்பந்தக் கண்காணிப்பு வலையில் 20 நிலையங்கள் இந்த அலையைப் பதிவு செய்தன. ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது நான்கு நுண்ணழுத்தமானிகள், 1 முதல் 3 கி.மீ. பரப்பில் விரித்து வைத்திருப்பார்கள். அலை ஒவ்வொன்றையும் தொடும் நேர வித்தியாசத்திலிருந்து திசை கிடைக்கும்.

ஆற்றலுக்கு வீச்சைவிட (அலை எவ்வளவு வலுவானது) அலைவுக்காலத்தை (ஓர் அலைவுக்கு ஆகும் நேரம்) நம்புவதே வழக்கம். வீச்சு, அடுக்குமண்டலக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். அலைவுக்காலம் அந்த அளவுக்கு அலைக்கழியாது. பெரிய நிகழ்வுகளுக்கு உள்ள சமன்பாடு:

மடக்கை(ஆற்றல்/2) = 4.14 × மடக்கை(அலைவுக்காலம்) − 3.61

ஆற்றல் கிலோடன்னில், காலம் விநாடியில், மடக்கை 10 அடிமானம். ஆற்றல்/2 என்பது 40 கிலோடன்னுக்கு மேல் இருந்தால் இது. சிறியவற்றுக்கு (ஆற்றல்/2 100 வரை; 40 முதல் 100 வரை இரண்டும் செல்லும்) 4.14, 3.61-க்குப் பதில் 3.34, 2.58 என்ற எண்கள். கடைசியில் 2-ஆல் பெருக்க மறந்துவிடுபவர்கள் நிறைய.

இப்போது இதைப் பாருங்கள். அலைவுக்காலம் 27 விநாடி என்றால் 414 கிலோடன். 30 என்றால் 640. 33 என்றால் 950. அதாவது மூன்று விநாடி வித்தியாசத்துக்குள்ளேயே நீங்கள் கேட்ட நான்கு எண்களும் அடங்கிவிடுகின்றன! பத்து சதவீத அளவீட்டுப் பிழை, விடையில் ஐம்பது சதவீதம்.

அதனால் அளக்கும்போது கவனம் வேண்டும். வீச்சு உச்சத்தில் இருக்கும் இடத்தில், அலை சுழிக்கோட்டை வெட்டும் புள்ளிகளை வைத்துக் காலத்தை எடுங்கள். காற்றின் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி நீக்கிவிடாதீர்கள். 30 விநாடி அலை 0.033 ஹெர்ட்ஸில் இருக்கிறது, வடிகட்டியோடு அதுவும் போய்விடும். நேராக வந்த அலையை மட்டும் எடுங்கள். இந்த அலை பூமியைச் சுற்றிவந்து மறுபடியும் பதிவானது. நெடுந்தூரம் போன அலையில் உயர் அதிர்வெண் தேய்ந்து, காலம் நீண்டதுபோலக் காட்டும். ஒரே நிலையத்தை நம்பவே நம்பாதீர்கள், பல நிலையங்களின் சராசரி வேண்டும்.

நிலைக்கல்:
உயரத்தைப் பற்றி: 29.7 என்பது உச்ச வெளிச்சத்தின் உயரம். கார் கேமரா, தெருக் கேமரா காட்சிகளிலிருந்து எடுத்தது. பிறகு அதே இடங்களில் இரவில் விண்மீன்களைப் படமெடுத்து, ஒவ்வொரு கேமராவின் திசையையும் சரிபார்த்தார்கள். அதனால் நான் கேமரா எண்ணைத்தான் எடுத்துக்கொள்வேன். செயற்கைக்கோள் அட்டவணையின் ஆற்றல் பொதுவாக நம்பலாம். உயரம், வேகம், திசை மூன்றையும் வேறு சான்றோடு ஒப்பிடாமல் பயன்படுத்தக் கூடாது.

தவிர, அது ஒரு புள்ளியில் வெடித்த குண்டு அல்ல. தரையோடு 18 பாகை சாய்வில் வந்தது, நீண்ட கோடு நெடுக ஆற்றலைக் கொட்டியது. 45 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2 கிராம். வேகம் விநாடிக்கு 19 கி.மீ. அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கல்லின் மேல் விழும் அழுத்தம் 0.7 மெகாபாஸ்கல். ஏறக்குறைய அங்கேயே உடையத் தொடங்கிவிட்டது. 30 கி.மீ.-இல் 18 கிராம், அழுத்தம் 6.5 மெகாபாஸ்கல். இந்த வகைக் கல்லின் சிறு துண்டை ஆய்வகத்தில் நசுக்கினால் இதைவிடப் பல மடங்கு தாங்கும். முழுக் கல்லில் பழைய விரிசல்கள் இருப்பதால் அந்த வலிமையை எடுத்துக் கணக்குப் போட்டால் வெடிப்பு உயரம் மிகத் தாழ்வாக வரும்.

ஒலி வந்துசேர ஆன நேரத்தை (விநாடியில்) 340-ஆல் (தரையருகே ஒலியின் வேகம், மீ./வி.) பெருக்கி உச்ச வெளிச்சப் புள்ளிக்குத் தூரம் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. இரண்டு தவறு. மேலே குளிர், ஒலியின் சராசரி வேகம் 300-ஐ ஒட்டித்தான் இருக்கும். முதலில் வரும் அதிர்ச்சி அலை பாதையின் எந்தப் பகுதி உங்களுக்கு அருகில் இருக்கிறதோ அங்கிருந்து வருகிறது. நகரில் வெளிச்சத்துக்கும் அலைக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தது. என்ன வெளிச்சம் என்று ஜன்னலருகே போய் நின்றவர்கள் மேல் கண்ணாடி சிதறியது. காயம்பட்டவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்.

வான்குறிப்பு:
நன்றி. 2018 டிசம்பர் 18 பெரிங் கடல் விண்கல் வெடிப்புக்கும் போட்டுப் பார்த்தேன்: 1.3×10¹⁴ ஜூல், அதாவது 31.1 கிலோடன், பங்கு 0.18, மொத்தம் 173. அட்டவணையோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் செல்யபின்ஸ்க் கல்லின் அளவிலும் இதே குழப்பம் இருக்குமா?

தீக்கல்:
ஒத்துப்போகத்தான் செய்யும், அட்டவணையும் அதே சமன்பாட்டைத்தான் பயன்படுத்துகிறது. அதைச் சரிபார்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குக் குற்றொலி வேண்டும்.

அளவில் குழப்பம் குறைவு. 440 கிலோடன், 18.6 கி.மீ./வி. என்றால் நிறை சுமார் 10,600 டன். 590, 19.16 என்றால் 13,400 டன். அடர்த்தி கன மீட்டருக்கு 3,300 கிலோ என்று வைத்தால் விட்டம் முதலாவதுக்கு 18.3 மீட்டர், இரண்டாவதுக்கு 19.8. ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம், விட்டத்தில் ஒன்றரை மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கனமூலம் எடுப்பதால் வரும் சலுகை இது.