மஞ்சளில் தோய்த்த சட்டை சோப்பில் சிவந்தது ஏன்?

கேள்வி:
பழைய வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றை மஞ்சள்தூள் கொதித்த நீரில் ஒரு கைப்பிடி உப்புடன் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினேன். நிறம் கண்ணைப் பறித்தது. ஆனால் முதல்முறை சோப்புப் போட்டதுமே சட்டை செங்கல் நிறத்துக்கு மாறியது. அலசிய பிறகு திட்டுத்திட்டாக வெளிறிய மஞ்சளே மிஞ்சியது. கடையில் வாங்கிய நீலச் சாயத்தில், சலவைச் சோடாவும் சேர்த்து, ஒரு வெள்ளைத் துப்பட்டாவை ஓர் இரவு முழுக்க ஊறவைத்தேன்; அதுவோ அலசும் நீரோடு அப்படியே போய்விட்டது. உப்பு போதவில்லையா, அல்லது வேறெங்காவது தவறு செய்தேனா?

பதில் 1:
உப்பின் அளவில் குறையில்லை. மஞ்சளுக்கு உப்பால் பயனே இல்லை. உப்பு சாயத்தைத் துணியில் நிலைநிறுத்தும் என்று பலரும் நம்புகிறார்கள். பொட்டலச் சாயங்களில் அது சாயத்தை நீரிலிருந்து நூலை நோக்கித் தள்ள உதவுகிறது, அவ்வளவுதான். தாவரச் சாயத்தை நூலோடு பிணைக்கும் வேலையைப் படிகாரம் போன்ற உலோக உப்புகளே செய்கின்றன. சட்டை சிவந்ததற்குக் காரணம் சோப்பின் காரத்தன்மை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும். சில துளி வினிகர் கலந்த நீரில் அலசினால் மீண்டும் மஞ்சளாகும். ஆயினும் வெயிலில் அது விரைவில் வெளுத்துவிடும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிலைக்கும் மஞ்சள் வேண்டுமானால் மாதுளைத் தோலை நாடுங்கள். அதன் துவர்ப்புப் பொருளே நூலைப் பற்றிக்கொள்ள உதவும்.

பதில் 2:
துப்பட்டா பாலியஸ்டராக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து, இடுக்கியால் பிடித்து, தீயில் காட்டிப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறையும். சலவைச் சோடாவுடன் கரைக்கும் ரியாக்டிவ் சாயம் பருத்தி, லினன், ரேயான் ஆகியவற்றோடு வேதிப்பிணைப்பு கொள்ளுமே தவிர, பாலியஸ்டரில் ஒட்டாது. அதற்கு டிஸ்பெர்ஸ் வகைச் சாயமும் கொதிநிலை வெப்பமும் தேவை. சோடா சேர்த்த சாயநீர் மிஞ்சினாலும் அதை எடுத்துவைக்க வேண்டாம்; சாயம் நீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும். பொடியைக் கரைக்கும்போது முகக்கவசம் அவசியம், ஏனெனில் அந்தத் தூசி மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
இழையைக் கொளுத்திப் பார்த்தேன். கறுத்த மணியாக உருண்டுவிட்டது. துப்பட்டாவை விட்டுவிட்டு, சட்டைக்கு மாதுளைத் தோலை முயல்கிறேன். 200 கிராம் எடையுள்ள சட்டைக்குப் படிகாரம் எவ்வளவு வேண்டும்?

பதில் 3:
உலர்ந்த துணியின் எடையில் 15 விழுக்காடு, அதாவது 30 கிராம் போதும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். திட்டுகள் விழுவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பது என் அனுபவம். சட்டையைச் சலவைச் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால், வெள்ளையாகத் தெரிந்த துணியிலிருந்து தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்குவதைக் காண்பீர்கள். உலர்ந்தபின் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட்டால்தான் துணி தயார். பின்பு கடுக்காய்ப்பொடி கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, அதன் பிறகே படிகார நீரில் இடுங்கள். கம்பளியைப் போலப் பருத்தி படிகாரத்தை எளிதில் ஏற்பதில்லை என்பதால்தான் இந்தத் துவர்ப்பு இடையில் வேண்டியிருக்கிறது. எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டியில் செய்தால் கடுக்காய் கறுத்துச் சட்டை சாம்பல் நிறமாகிவிடும். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால், தையல் மட்டும் வெள்ளைக் கோடாகவே நிற்கும்.