மார்கழியில் மணக்கும் சென்ட் சித்திரையில் கசப்பது ஏன்?

முத்தியால்பேட்டைக்காரி:
பிரான்சில் இருக்கும் அத்தை போன வருடம் ஊருக்கு வந்தபோது, தாம் பூசும் ஷனேல் நம்பர் 19 புட்டியை என்னிடம் விட்டுச் சென்றார். மல்லிகையும் சந்தனமும் பழகிய மூக்கு என்னுடையது. முதல் நாள் முகர்ந்தபோது இதுவும் ஒரு வாசனையா என்றுதான் தோன்றியது. இனிப்பு துளியும் இல்லை. பச்சைக் காம்பைக் கிள்ளியதுபோல் ஒரு கசப்பு.

பிறகு ஒரு மார்கழி விடியலில், கோலம் போடப் போகுமுன் மணிக்கட்டில் இரண்டு சொட்டு தொட்டுக்கொண்டேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. தெளித்த வாசலின் ஈர மணத்துக்கு நடுவே அந்தப் பச்சை நிமிர்ந்து நின்றது. தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடத்தில் கன்னத்தை வைத்ததுபோல் ஜில்லென்று இருந்தது. அன்றிலிருந்து இதன்மேல் எனக்குத் தீராத ஆசை.

சித்திரையிலோ கடற்கரைச் சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பச்சை பறந்துவிடுகிறது, கசப்பு மட்டும் தங்குகிறது. அந்தப் பச்சை எதிலிருந்து வருகிறது? வெயிலில் அதைக் காப்பாற்ற வழி உண்டா?

பச்சைப்பட்டாணி:
அதன் பெயர் கல்பனம். ஈரானில் விளையும் ஒரு செடியின் பிசின்; நம் பெருங்காயச் செடிக்கு நெருங்கிய உறவு. குடைமிளகாயை நறுக்கும்போது மூக்கில் ஏறும் பைரசின் என்ற வேதிப்பொருள் இதிலும் உண்டு. இம்மியளவு இருந்தாலே போதும், மூக்கு கண்டுகொள்ளும். 1947இல் ஜெர்மைன் செல்லியே என்ற பெண்மணி பல்மேன் நிறுவனத்துக்காகச் செய்த 'வாந் வேர்' என்ற சென்ட் கல்பனத்தைத் தாராளமாகச் சேர்த்தது. பெயருக்குப் பொருளே பச்சைக் காற்று. பச்சை சென்டுகளைப் பற்றிய எந்தப் பேச்சும் அதைத் தொடாமல் போகாது.

பூசியதும் முதலில் எழும் மேல் மணம்தான் இந்தப் பச்சை; உடம்புச் சூட்டில் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். தோலை விட்டுவிட்டுப் பருத்திச் சேலையின் முந்தானை உட்புறத்தில் தெளியுங்கள். பட்டில் வேண்டாம், கறை படும்.

முதுநகர்வாசி:
கசப்பை ஒதுக்காதீர்கள் அம்மா. நம்பர் 19இன் அடி மணத்தில், அதாவது கடைசிவரை தங்கும் மணத்தில், வெட்டிவேரும் இருக்கிறது. எங்கள் கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் அதைப் பயிரிடுகிறார்கள். பிடுங்கிய வேரை மண் உதறி முகர்ந்தவர்களுக்குத் தெரியும்: முதலில் ஈர மண், அப்புறம் லேசான புகை, கடைசியில் குளிர்ச்சி. பானைத் தண்ணீரில் ஒரு பிடி வேரை ஊறப்போட்டு அதை முகருங்கள், உடனே மணிக்கட்டையும் முகருங்கள்.

முத்தியால்பேட்டைக்காரி:
இரண்டையும் செய்து பார்த்தேன். எட்டு மணிக்கு முந்தானையில் தெளித்த பச்சை பதினொரு மணிக்கும் இருந்தது. பானை மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மணிக்கட்டுக்கு வந்தால், அடியில் அதே வேர்! இத்தனை நாளாக இதையா கசப்பு என்றேன்?

அத்தை இந்த சென்டைப் பல வருடமாகப் பூசுகிறார். அவருக்கு ஒரு கட்டு வேர் அனுப்ப வேண்டும். ஐயா, கடலூரில் நல்ல வேர் எங்கே வாங்கலாம்?